இயன்முறை மருத்துவ மாணவரின் பயிற்சிக் கோப்பு: முதல் போஸ்டிங்கிலிருந்து வைவா வரை

இன்டர்ன்ஷிப் முடியும் மாதத்தில் நாகர்கோவிலின் நகலகங்களில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். பிசியோதெரபி மாணவர்கள் இருவர் மூவராக நின்று, கைப்பேசியில் கிடக்கும் படங்களை அச்செடுத்து, கருத்தரங்குச் சான்றிதழ்களுக்கு வண்ண நகல் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து, மறுநாள் காலையில் துறைத்தலைவரின் மேசையில் வைப்பதற்காகப் பரபரத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி வந்து சேரும் கோப்புகளைப் படித்து மதிப்பிடும் வேலை பல ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கனமானவை. ஆனால் அந்த மாணவர் ஒரு நோயாளியின் முன்னால் நின்றபோது என்ன நினைத்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் சொல்லும் பக்கம் ஒன்றுகூட இல்லாமல் இருநூறு பக்கம் நீளும் கோப்புகளையும் பார்த்திருக்கிறேன். படிப்பை முடிக்கும் நிபந்தனையாகப் பயிற்சிக் கோப்பைக் கேட்கும் கல்லூரியில் சேர்ந்திருப்பவர்களுக்காக, மருத்துவமனைப் பிரிவுகளில் பயிற்சிக்குப் போகும் முதல் போஸ்டிங்கிலிருந்தே அதை எப்படிக் கட்டி எழுப்புவது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

லாக்புக் வேறு, போர்ட்ஃபோலியோ வேறு

இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. லாக்புக் எண்ணிக்கையைச் சொல்வது: எலும்பியல் பிரிவில் எத்தனை நாள் இருந்தீர்கள், எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள், எத்தனை முறை ஐ.எஃப்.டி. என்னும் மின்சிகிச்சைக் கருவியை இயக்கினீர்கள் என்பவை அதில் இருக்கும். போர்ட்ஃபோலியோ எனப்படும் பயிற்சிக் கோப்போ, “இந்தத் திறன் எனக்கு வந்துவிட்டது” என்று நீங்கள் முன்வைக்கும் ஒரு கூற்றும், அதை மெய்ப்பிக்கும் சான்றுகளும் சேர்ந்தது. நாற்பது பக்கவாத நோயாளிகளைப் பார்த்ததாக லாக்புக் காட்டலாம். நாற்பதாவது நோயாளியை முதலாமவரைவிட நன்றாகப் பார்த்தீர்களா என்பதைக் கோப்புதான் காட்ட வேண்டும்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் முன்வைத்த நான்கு அடுக்குக் கூம்பு இதற்கு நல்ல விளக்கம். அடியில் அறிதல், அதன்மேல் எப்படிச் செய்வது என்று அறிதல், அதற்கும் மேல் செய்துகாட்டல், உச்சியில் அன்றாடப் பணியில் உண்மையாகவே செய்தல். எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு அடுக்குகளோடு நின்றுவிடும். செய்முறைத் தேர்வு மூன்றாவதைத் தொடும். தேர்வாளர் பக்கத்தில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எந்தத் தேர்வும் பார்ப்பதில்லை. பல நாடுகளில் இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் கோப்பை வேண்டுவது இந்த நான்காவது அடுக்குக்காகத்தான். படிப்பு முடிந்ததும் நீங்கள் குலசேகரத்திலோ கருங்கலிலோ ஒரு வீட்டுக்குள் தனியாகப் போய், மேற்பார்வையாளர் யாருமின்றி ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தப் போகிறீர்கள். அதற்கு நீங்கள் ஆயத்தமா என்று கல்லூரி கேட்பது நியாயமான கேள்வி.

முதல் படி: விதிமுறைத் தாளைக் கையில் வாங்குங்கள்

மூத்த மாணவர் சொன்னதை நம்பித் தொடங்காதீர்கள்; அவருடைய ஆண்டில் இருந்த விதி உங்கள் ஆண்டில் மாறியிருக்கலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாலரை ஆண்டாக, கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப்பாக நடந்துவந்த படிப்பை, துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்காக 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் ஓராண்டு இன்டர்ன்ஷிப்போடு ஐந்தாண்டாக வகுத்திருக்கிறது. படிப்பின் அமைப்பே மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் பழைய கோப்பை மாதிரியாக வைத்துக்கொள்வது ஆபத்து.

துறை அலுவலகத்திலிருந்து எழுத்து வடிவில் நீங்கள் பெற வேண்டியவை இவை: எந்தெந்தத் திறன்களுக்குச் சான்று வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எத்தனை, யார் கையொப்பமிட வேண்டும், எந்த மாதத்தில் இடைக்கால மதிப்பீடு, தேர்ச்சி பெறாவிட்டால் திருத்திக் கொடுக்க எத்தனை நாள். கடைசிக் கேள்வியைக் கேட்க மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். கோப்பு நிறைவில்லாமல் இன்டர்ன்ஷிப் நிறைவுச் சான்றிதழ் தள்ளிப்போனால், தொழில் பதிவும் தள்ளிப்போகும், கையிலிருக்கும் வேலை வாய்ப்பும் தள்ளிப்போகும். ஆகவே கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எதில் வைப்பது

இதில் நெடுநேரம் செலவிட வேண்டாம். ஒரு வளையக் கோப்பு, ஒரு இணையச் சேமிப்பகம், இரண்டு போதும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. விடுதி அலமாரியில் வைத்த தாள் ஈரம் கோத்து மை பரவிப்போவது புதிதல்ல. கையொப்பம் வாங்கிய தாள் எதுவானாலும் அன்றே ஸ்கேன் செய்து, ஆண்டு-மாதம்-தேதி என்ற வரிசையில் பெயரிட்டுச் சேமியுங்கள். “ஃபைனல்”, “ஃபைனல் புதியது”, “கடைசி ஃபைனல்” என்று பெயரிடும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

கோப்பின் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கட்டும். இடப்பக்கம் திறன்கள், வலப்பக்கம் அவற்றுக்கான சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. தொடக்கத்தில் வலப்பக்கம் முழுவதும் வெறுமையாகத்தான் இருக்கும். எந்தக் கட்டம் நிரம்பாமல் கிடக்கிறது என்று மாதம் ஒருமுறை பார்த்தால், அடுத்த போஸ்டிங்கில் எதைத் தேடிப் போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். பெரும்பாலும் எலும்பியல் கட்டம் முதல் மாதத்திலேயே நிரம்பி வழியும். இதய-நுரையீரல் பிரிவும் குழந்தைகள் பிரிவும் கடைசி வரை காலியாக நிற்கும்.

மூன்றாம் படி: அன்றன்றைக்குப் பத்து வரி

கோப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. போஸ்டிங் முடிந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து வடசேரிக்குப் பேருந்து ஏறும் முன்போ, அறைக்குத் திரும்பியதுமோ, ஒரு சிறு குறிப்பேட்டில் பத்து வரி எழுதுங்கள். அதற்கு நல்ல நடை வேண்டாம், இலக்கணமும் வேண்டாம், யாருக்கும் காட்டப்போவதில்லை. ஆனால் நான்கு செய்திகள் அதில் இருக்க வேண்டும்: நோயாளி தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியம், நீங்கள் அளந்த ஓர் எண், நீங்கள் எடுத்த ஒரு முடிவு, உங்களுக்குத் தீராத ஓர் ஐயம்.

நோயாளியின் சொல்லை அப்படியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளவங்கோடு பக்கத்து முதியவர் “நடுவேதனை” என்பார். தோவாளைக்காரர் “இடுப்பு கடுக்கு” என்பார். கடுப்பு, குத்தல், உளைச்சல், எரிச்சல், மரத்துப்போதல் என்று நம் மக்களிடம் வலிக்கு எத்தனையோ சொற்கள் உண்டு. எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பை ஐயுற வைக்கும், கடுப்பு தசையையோ மூட்டையோ நோக்கித் திருப்பும். இவை எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் “இடுப்பு வலி” என்று மொழிபெயர்த்துவிட்டால், நோயறிதலுக்கான முதல் துப்பையே நீங்கள் அழித்துவிடுகிறீர்கள்.

அன்றே எழுதாத குறிப்பு மூன்று நாளில் பொய்யாகிவிடும். நீங்கள் பொய் சொல்வீர்கள் என்பதல்ல என் பொருள். பிறகு தெரிந்துகொண்ட விடையை, முதலிலேயே தெரிந்திருந்ததுபோல நினைவு மாற்றிவைத்துவிடும். எனவே இரண்டு மாதம் கழித்து எழுதப்பட்ட கோப்புகளில் எந்த மாணவரும் தடுமாறுவதே இல்லை. எல்லோரும் முதல் பார்வையிலேயே சரியான முடிவுக்கு வந்திருப்பார்கள்! அதைப் படிக்கும்போது மதிப்பீட்டாளருக்கு வரும் ஐயத்தை எந்தச் சான்றிதழும் போக்காது.

நான்காம் படி: குறிப்பை நோயாளிப் பதிவாக வளர்ப்பது

வாரத்துக்கு ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, பத்து வரிக் குறிப்பை இரண்டு மூன்று பக்கப் பதிவாக வளர்க்க வேண்டும். நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் கணிப்பு, திட்டம் என்ற நான்கு பகுதிகளைக் கொண்ட சோப் குறிப்பு முறை உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித்தரப்பட்டிருக்கும். பலர் முதல் இரண்டையும் நான்காவதையும் விரிவாக எழுதி, கணிப்பை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் முழுவதும் அந்த மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். இவர் ஒரு தனி மனிதர் அல்லர். பலரைக் கலந்து நான் உருவாக்கியவர். ஐம்பதுகளில் இருக்கும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, வலது தோளில் மூன்று மாதமாக வலியோடு வருகிறார். “கை பொங்கமாட்டேங்கு மக்களே, ராத்திரி அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்க முடியல்ல” என்கிறார்; கையைத் தூக்க முடியவில்லை என்பது பொருள். மாணவி முதலில் நினைத்தது, விடியற்காலையில் பல நூறு மரங்களில் கத்தி பிடிக்கும் தொழில், எனவே தோள்பட்டைத் தசைநாண் உராய்வு என்பது. அது நியாயமான முதல் ஊகம்தான். ஆனால் அளந்து பார்த்தபோது, அவராகக் கையைப் பக்கவாட்டில் தூக்குவது 90 டிகிரியோடு நிற்கிறது. மாணவி தூக்கிவிட்டாலும் 100-ஐத் தாண்டவில்லை. கையை வெளிப்புறமாகத் திருப்புவது இடத்தோளில் 70 டிகிரி, வலத்தோளில் 25 மட்டுமே. பிறர் அசைத்தாலும் அசையாத மூட்டு, அதிலும் வெளித்திருப்பம் மிகுதியாகக் குறைந்திருப்பது, தசைநாணைக் காட்டிலும் மூட்டுறை இறுகிப்போனதையே காட்டுகிறது. அப்போதுதான் அவரிடம் சர்க்கரை நோய் பற்றிக் கேட்க மாணவிக்குத் தோன்றுகிறது. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது என்கிறார்.

இந்தப் பதிவில் மாணவி எழுத வேண்டியது, “நோயாளிக்குத் தோள் இறுக்கம்” என்ற முடிவை மட்டுமன்று. முதலில் எதை நினைத்தேன், எந்த எண் என் மனத்தை மாற்றியது, சர்க்கரை நோயாளிகளிடம் தோள் இறுக்கம் மிகுதியாக வருவது தெரிந்திருந்தும் அதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை, மருத்துவரிடம் அவரைத் திருப்பி அனுப்பும் முடிவை எப்போது எடுத்தேன் என்பவைதான் அந்தப் பக்கத்தை உயர்த்தும். தொழிலைப் பார்த்ததும் நோயைத் தீர்மானிப்பது நம் மாவட்டத்தில் எளிதாக நேரும் பிழை. கடலுக்குப் போகிறவர் என்றால் இடுப்பு, அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) என்றால் முழங்கால், பனையேறியவர் என்றால் விழுந்த காயம் என்று நாம் பாதித் தீர்ப்போடுதான் கேட்கத் தொடங்குகிறோம்.

அளவீடுகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். எந்த நிலையில் படுக்க வைத்து, எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்பதை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் 5 டிகிரி வரையான வேறுபாடு அளப்பவரின் கைப்பிழையாகவே இருக்கக்கூடும். 25 டிகிரி 28 ஆனதை முன்னேற்றம் என்று எழுதினால், வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வி நிச்சயம் வரும். பக்கவாத நோயாளியென்றால் பெர்க் சமநிலை அளவுகோலின் மொத்தத்தை மட்டும் எழுதாமல், 14 கூறுகளில் எவற்றில் மதிப்பெண் இழந்தார் என்றும் எழுதுங்கள். 56-க்கு 38 என்ற எண் அவர் ஒற்றைக்காலில் நிற்க முடியாதவரா, திரும்பிப் பார்க்கும்போது தள்ளாடுபவரா என்பதைச் சொல்லாது.

இலக்கை எழுதும்போது உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட ஐ.சி.எஃப். வகைப்பாட்டின் உணர்வைப் பின்பற்றுங்கள். உடல் உறுப்பின் குறை, செயலில் வரும் தடை, வாழ்க்கையில் பங்கேற்க இயலாமை என்று அது பிரித்துப் பார்க்கிறது. மேற்சொன்னவருக்கு “வெளித்திருப்பம் 45 டிகிரி ஆக வேண்டும்” என்பது நம்முடைய இலக்கு. “நெஞ்சுயரத்தில் இருக்கும் வெட்டுப்பட்டையில் வலியில்லாமல் கத்தி இழுக்க வேண்டும்” என்பது அவருடைய இலக்கு. இரண்டும் பதிவில் இருக்கட்டும்.

பாதியில் வராமல் நின்றுபோன நோயாளியைக் கோப்பிலிருந்து நீக்காதீர்கள். கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறவர் பல வாரம் கரைக்குத் திரும்புவதில்லை. மழை விட்டதும் பால்வெட்டுக்காரர் காலையில் மருத்துவமனைக்கு வர முடியாது. “ஆறு அமர்வு திட்டமிட்டேன், இரண்டுக்குத்தான் வந்தார், இதை முன்பே கேட்டறிந்து வீட்டுப் பயிற்சியாகத் திட்டமிட்டிருக்க வேண்டும்” என்று எழுதும் மாணவர், குணமான ஆறு பேரைப் பற்றி எழுதுபவரைவிட என் கணக்கில் ஒரு படி மேலே.

ஐந்தாம் படி: மீள்நோக்கு எழுதுதல்

மாணவர்களை மிகவும் திணற வைப்பது இந்தப் பகுதிதான். கிரகாம் கிப்ஸ் 1988-இல் தந்த ஆறு கட்டச் சுழற்சியைப் பெரும்பாலான கல்லூரிகள் பயன்படுத்துகின்றன: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்று எது தீது, ஏன் அப்படி ஆயிற்று, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். அது நல்ல ஏணிதான். ஆனால் ஆறு தலைப்புகளுக்கும் ஆளுக்கு இரண்டு வரி என்று பங்கிட்டு நிரப்பினால் அது படிவமாகிவிடும். நான்காவது கேள்வியான “ஏன்” என்பதற்குப் பாதிப் பக்கத்தைக் கொடுங்கள். உணர்ச்சிக்கு இரண்டு வரி போதும்.

“இந்த அனுபவம் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நோயாளியிடம் பொறுமையாகவும் பரிவோடும் நடந்துகொள்ளக் கற்றுக்கொண்டேன்.” இப்படி ஒரு பத்தியை எந்த நோயாளியின் பதிவுக்கு அடியிலும் ஒட்டலாம், எங்கும் பொருந்துவதால்தான் அதற்கு மதிப்பில்லை.

பின்வருவதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். “முழங்கால் தேய்மானத்தோடு வந்த அக்காவிடம் குந்தி உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வலி கூடி வந்தார். கேஸ் ஷீட்டில் ‘அறிவுரையைப் பின்பற்றவில்லை’ என்று எழுதினேன். வெளியே வந்தபின் அவரோடு பேசியபோதுதான், அவர் அண்டி ஆபீஸில் எடைக்கூலிக்கு வேலை செய்கிறவர் என்றும், எழுந்து எழுந்து நடந்தால் அன்றைய கூலி குறையும் என்றும் தெரிந்தது. நான் அவரிடம் முழங்காலைப் பற்றிப் பதினைந்து கேள்வி கேட்டிருந்தேன், வேலையைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. பின்பற்றாதவர் அவர் அல்லர். பின்பற்ற முடியாத அறிவுரையைத் தந்தவள் நான். அடுத்த முறை, இருக்கையின் உயரத்தைக் கூட்ட முடியுமா, உட்கார்ந்தபடியே காலை நீட்டிச் செய்யும் பயிற்சி எது என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்வேன்.” இதில் அழகான சொல் ஒன்றுமில்லை. ஆனால் எழுதியவர் அடுத்த நோயாளியிடம் வேறு கேள்வி கேட்பார் என்பது உறுதி.

கோப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளின் விதி. அப்படியிருந்தாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். மனம் வருந்தியதையும் தவறியதையும் யோசிக்கிற மொழியில் எழுதினால்தான் உண்மை வெளிவரும். ஆங்கிலத்தில் தொடங்கினால் பாடநூல் வாக்கியங்களே கைக்கு வரும். மூத்தவரின் கோப்பிலிருந்தோ, செயலி எழுதித் தந்ததிலிருந்தோ எடுத்துப் போடுவதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருமுறை ஒரே வகுப்பின் நான்கு கோப்புகளில், நான்கு வெவ்வேறு நோயாளிகளுக்கு, முழங்கால் மடக்கம் ஒரே எண்ணில் தொடங்கி ஒரே எண்ணில் முடிந்திருந்தது. நான்கு பேரும் அந்த ஆண்டு மீண்டும் எழுதினார்கள்.

ஆறாம் படி: நோயாளி யாரென்று தெரியாமல் காத்தல்

பெயரையும் வெளிநோயாளிப் பதிவு எண்ணையும் நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டது என்று பாடநூல் வழியாக நாம் நம்புகிறோம். பெருநகரத்தில் அது ஓரளவு பொருந்தலாம். ஊரும் ஊரும் ஒட்டிக்கிடக்கும் இந்த மாவட்டத்தில், ஒரு கடற்கரை ஊரின் பெயரையும், சரியான வயதையும், படகில் அடிபட்ட மாதத்தையும் எழுதினால், அந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்த யார் படித்தாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் வகுப்பிலேயே அந்த ஊர்க்காரர் ஒருவர் இருப்பார்.

ஆகவே ஊரின் பெயருக்குப் பதில் “கடலோரக் கிராமம்” அல்லது “மலையடிவாரக் கிராமம்” என்று எழுதுங்கள். 54 என்பதற்குப் பதில் “ஐம்பதுகளில்” போதும். தேதிகளுக்குப் பதில் “முதல் வாரம்”, “நான்காம் வாரம்” என்று குறியுங்கள். தொழில் சிகிச்சைக்குத் தேவையான செய்தியாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு இடத்தை நீக்குங்கள். மூட்டின் அளவு, நோயின் போக்கு ஆகியவற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. அது மறைத்தலாகாது, திரித்தலாகிவிடும்.

புகைப்படம் எடுக்கும் முன் எழுத்தில் ஒப்புதல் வேண்டும், அதுவும் நோயாளி படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில். “தாத்தா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா” என்று கேட்டு அவர் தலையாட்டுவது ஒப்புதல் ஆகாது. மருத்துவமனைக்கு வந்திருக்கும் முதியவர் வெள்ளைக் கோட்டு போட்டவர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கருதுகிறது. எனவே அவர்களுக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் ஒப்புதலைப் பெறுங்கள். ஒப்புதல் படிவத்தில் பெயர் இருக்கும் என்பதால் அதைக் கோப்புக்குள் வைக்காமல் துறையில் ஒப்படைத்து, “ஒப்புதல் பெறப்பட்டது” என்று மட்டும் கோப்பில் எழுதுங்கள்.

முகத்தில் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்பதையும் நம்பாதீர்கள். ஒரு மாணவி தன் கோப்பில் கண்களை முறையாக மறைத்த படம் ஒன்றை வைத்திருந்தார். பின்புறச் சுவரில் இருந்த திருவிழாச் சுவரொட்டியில் ஊரின் பெயர் பெரிய எழுத்தில் தெரிந்தது. பச்சை குத்தியது, கழுத்துச் சங்கிலி, வீட்டு வாசல் எல்லாமே அடையாளந்தான். உறுப்பை மட்டும், வெறும் துணிப் பின்னணியில் எடுப்பதே நல்லது.

ஏழாம் படி: மேற்பார்வையாளரின் கருத்தைக் கேட்டு வாங்குதல்

கையொப்பம் என்பது நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குச் சான்று. கருத்துரை என்பதோ உங்களை ஒருவர் பார்த்தார் என்பதற்குச் சான்று. இரண்டாவதுதான் அரிது. மேற்பார்வையாளர்கள் எழுத மறுப்பதில்லை. நாம் கேட்கும் முறைதான் அவர்களைச் சுருக்கமாக எழுத வைக்கிறது. “சார், ஃபீட்பேக் எழுதித் தாங்க” என்று கேட்டால் “நன்று” என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். “சார், இன்னைக்கு நான் அந்த அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாத்தினப்போ, என் கை வைத்த இடமும் நின்ற நிலையும் சரியா இருந்துதா?” என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான விடை வரும். அதை உடனே எழுதி, அவரிடமே காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். போஸ்டிங் முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தக்கலைக்கோ குழித்துறைக்கோ அலைந்து வாங்கும் கையொப்பத்துக்கு அந்த மதிப்பு வராது.

கண்டித்து எழுதப்பட்ட கருத்துரையை ஒளிக்க வேண்டாம். அதற்கு அடுத்த பக்கத்தில், ஒரு மாதம் கழித்து அதே திறனைப் பற்றி வந்த நல்ல கருத்துரையை வையுங்கள். கோப்பு முழுவதிலும் அதைவிட வலுவான சான்று கிடையாது.

எட்டாம் படி: சமூகப் பணி

முகாம்களில் எடுத்த குழுப்படமும் பாராட்டுச் சான்றிதழும் மட்டும் இந்தப் பகுதியில் நிறைந்திருப்பதைக் காண்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவச் சேவை வீடு தேடிப் போகிறது. வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் குழுவோடு ஒருநாள் செல்ல அனுமதி கேளுங்கள். பேச்சிப்பாறைப் பக்கத்து மலைக் குடியிருப்பு ஒன்றின் வீட்டு வாசற்படி எத்தனை, கழிப்பறை எவ்வளவு தூரம், நடைச்சட்டம் அந்தத் தரையில் நகருமா என்று வரைந்து குறித்த ஒரு பக்கம், பத்து முகாம்களின் சான்றிதழ்களுக்குச் சமம்.

ஒன்பதாம் படி: தேர்ந்தெடுத்தல், முன்னுரை, வைவா

ஒப்படைக்க இரண்டு மாதம் இருக்கும்போது தேர்வு செய்யத் தொடங்குங்கள். நாற்பது பதிவுகள் சேர்ந்திருக்கலாம். விதிமுறை கேட்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒன்று இரண்டு போதும். நன்றாக முடிந்தவற்றை மட்டும் பொறுக்காதீர்கள். முதலாண்டுப் பதிவு ஒன்றும் கடைசிப் போஸ்டிங்கின் பதிவு ஒன்றும், ஒரே வகை நோயாளியைப் பற்றியவையாக, அருகருகே இருக்கட்டும். முதலாண்டுப் பதிவைத் திருத்தி மெருகேற்றும் ஆசை வரும், தொடாதீர்கள். அதன் மோசமான நிலைதான் உங்கள் வளர்ச்சியின் அளவுகோல்.

பிறகு இரண்டு பக்க முன்னுரை. பிறந்த ஊர், பள்ளி, இந்தத் துறையைத் தேர்ந்த காரணம் என்று தொடங்க வேண்டாம். எந்தத் திறனில் உறுதியாக இருக்கிறீர்கள், அதற்குச் சான்று எந்தப் பக்கம், எந்தத் திறனில் இன்னும் மேற்பார்வை தேவைப்படுகிறது என்பதைச் சொல்லுங்கள். “மூளைவாதக் குழந்தைகளை நான் மூவரைத்தான் பார்த்திருக்கிறேன், முதல் வேலையில் மூத்தவரின் துணையின்றி அவர்களுக்குத் திட்டமிட மாட்டேன்” என்று எழுதிய ஒரு மாணவரின் கோப்பை வாசித்தபோது, இவரைத் தனியாக அனுப்பலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

வைவாவில் கோப்பை நாங்கள் முதலிலிருந்து புரட்டுவதில்லை. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்த முடிவை இன்று எடுப்பீர்களா?” என்று கேட்போம். “எடுப்பேன்” என்பதும் “எடுக்க மாட்டேன்” என்பதும் இரண்டுமே சரியான விடைகள்தான், காரணம் சொன்னால். சொந்தமாக எழுதியவருக்கு அந்த நோயாளியின் முகம் நினைவுக்கு வந்து பேச்சும் வந்துவிடும். பதிவில் ஓர் எண் தவறென்று அப்போதுதான் கண்டால், மழுப்பாமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

வெளிநாடு செல்ல எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு. வளைகுடா நாடுகளின் உரிமத்துக்குச் சான்றிதழ்களும் பணி அனுபவமும் மூல நிறுவனங்களிடமே சரிபார்க்கப்படும். அதற்குக் கோப்பு நேரடியாகப் பயன்படாது, ஆனால் போஸ்டிங் தேதிகளும் நேரக்கணக்கும் ஒழுங்காக இருந்தால் கடிதம் வாங்குவது எளிதாகும். பிரிட்டனில் பதிவு பெற்றவர்கள் தொடர்கற்றல் பதிவேட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கையில் 2.5 விழுக்காட்டினரைக் குலுக்கல்போலத் தேர்ந்து அதைக் கேட்பார்கள். மாணவப் பருவத்தில் பழகிய கை அங்கே சிரமப்படாது.

ஒப்படைத்த அன்றே செய்ய வேண்டியது

கோப்பைக் கொடுத்து ரசீது வாங்கியதும், கைப்பேசியில் இருக்கும் நோயாளிப் படங்களை அழித்துவிடுங்கள். கேலரியில் அழித்தால் மட்டும் போதாது. இணையச் சேமிப்பகத்தின் குப்பைத்தொட்டியில் அவை பல வாரம் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் நண்பருக்கோ மேற்பார்வையாளருக்கோ அனுப்பியவை இருந்தால் அவர்களிடமும் சொல்லி அழிக்கச் செய்யுங்கள். பத்து வரிக் குறிப்பேட்டில் பெயர்கள் இருக்கும் பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டு, மீதியை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையில், முதல் மாதத்தில், அதைத் திறந்து பார்க்க வேண்டிய நாள் கட்டாயம் வரும்.